மூன்றாம் சரணத்தில் இருதயம்மா

பதுளை,
26.04.2004

அன்பு மகன் ஜெஸ்டினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம், முழங்கால் மட்டும் படிகளோடு வழக்காடுகிறது. நீயும் மருமகளும் பேத்தி அனுஷ்காவும் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் கேட்கிறேன். அங்கிருந்து ஹெட்போன் அனுப்புவதாக எழுதியிருந்தாய். அனுப்பாதே, வாங்கிவிட்டேன். வாங்கிய கதையையும் அதன் பிறகு நடந்ததையும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மிச்சமிருக்கிற செவி நிலைக்க வேண்டுமானால் எதையும் சத்தமாகக் கேட்கக் கூடாது என்று காது டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஆகவே 1991ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் எங்கள் பாடகர் குழுவின் பாட்டை உன் அப்பா பதிந்த கசெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே வாஹித்தின் கடைக்குப் போனேன். அவர் மகள் ஸுபைரா என்னிடம் படித்தவள், அதனால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். முதலில் மாட்டிய ஹெட்போன், சத்தம் கூட்டினால் நெஞ்சில் இடித்தது, குறைத்ததும் அடிக்குரல்கள் எல்லாம் கரைந்து, பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. இரண்டாவதில் காதின்மேல் மெல்லிய பஞ்சு மட்டும், ஹாலிஎல பஸ்காரன் கூவுவது பாட்டோடு சேர்ந்து கேட்டது, அதை வெல்லவே சத்தம் கூட்ட வேண்டியிருந்தது. நான் மறுபடி மறுபடி குறைப்பதைப் பார்த்து, சத்தத்தைக் கூட்டாம எப்படி டீச்சர் சாமான் பார்க்கிறது என்று வாஹித் அலுத்துக்கொண்டார். தேயிலை ருசி பார்க்கிறவன் வாளிக்கணக்கிலா குடிக்கிறான் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இதில் அடிச்சத்தம் போதாதென்று யாரும் எடுப்பதில்லை என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்றாவதைத் தூசி தட்டி எடுத்தார். காதை முழுவதும் மூடும் மெத்தை வைத்தது. சத்தப் பொத்தானை இரண்டாம் இலக்கத்தில் வைத்தேன். மகனே, அதை எப்படி எழுதுவேன்! தெரு மறைந்துவிட்டது. கோயில் தகரக் கூரையில் அன்று பெய்த மழை சொட்டுச் சொட்டாகக் கேட்டது, யாரோ பாட்டுப் புத்தகத்தின் தாள் புரட்டினார்கள், கசெட் ரெக்கார்டரைப் பிடித்திருந்த உன் அப்பாவின் மூக்கடைப்பு சீழ்க்கைகூடக் கேட்டது. அவர் போய் ஆறு வருடம்.

பிறகு மூன்றாம் சரணம் வந்தது. நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய், ஆகவே இதை முழுவதும் அறியமாட்டாய். அந்தச் சரணத்தில் நமுனுகுல தோட்டத்திலிருந்து வரும் இருதயம்மா தாழ்ந்த குரலில் தனியாக எடுக்க வேண்டும், மற்றவர்கள் பிறகு சேர வேண்டும். ஆர்மோனியத்தில் இருந்த எனக்கு அன்று அவள் குரல் கேட்கவில்லை. வீட்டில் கசெட்டை முழுச் சத்தத்தில் போட்டேன், அதிலும் ஆர்மோனியம்தான் முழங்கியது. அடுத்த ஞாயிறு எல்லார் முன்னிலையிலும், பாடாமல் வாயை மட்டும் திறந்து காட்டுகிறவளுக்கு என் பாடகர் குழுவில் இடமில்லை என்றேன். அவ பாடினா, எனக்குக் கேட்டுச்சு என்று அப்பா சொன்னார். ஸ்வரம் தெரியாதவர் பேச வேண்டாம் என்று அவர் வாயையும் அடைத்தேன். அன்று முதல் இருதயம்மா கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் உட்காருகிறாள். பதின்மூன்று வருடங்களாக ஒரு பாட்டுக்கும் அவள் வாய் திறந்ததில்லை.

இரண்டாம் இலக்கத்தில், என் ஆர்மோனியத்துக்குக் கீழே, அவள் இருந்தாள். சரியான இடத்தில் எடுத்திருந்தாள், ஒரு இமைப்பொழுதும் பிந்தவில்லை. நம்பாமல் நான்கு முறை திருப்பிப் போட்டேன். நான்கு முறையும் அவள் வந்தாள். ஆண்டவர் அந்தக் குரலை இத்தனை வருடம் ஒரு நாடாவில் காத்து வைத்திருந்தார் என்று நினைத்து, ஹெட்போனை இரு கையாலும் காதோடு அழுத்தியபடி கடை மேசையில் தலை சாய்த்துவிட்டேன். டீச்சர், தண்ணி ஏதும் வேணுமா என்று வாஹித் பயந்துபோய்க் கேட்டார்.

நேற்றுப் பூசை முடிந்ததும் கடைசி வாங்குக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெட்போனை என் கையாலேயே அவள் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். எடுத்துவிட்டு, நாந்தாங்க டீச்சர், எனக்குத்தான் அப்பவே தெரியுமே என்றாள். அந்தச் சொல்லில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கோயிலில் இன்னும் ஆட்கள் நிற்கும்போதே, அவர்கள் காதிலும் விழும்படி, அவள் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஐயோ, எந்திரிங்க டீச்சர், எல்லாரும் பாக்குறாங்க என்று என் கையைப் பிடித்தாள். திரும்பி வந்து பாடு என்றேன். பதின்மூணு வருஷமா மூடி வெச்ச தொண்டைங்க, தொறந்தா தவளைதான் வரும் என்றாள். தவளையானாலும் வா என்றேன். போகும்போது பாட்டுப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

நீயும் வாங்கும்போது கடைக்காரன் சத்தம் கூட்டிக் காட்டுவதைப் பார்த்து ஏமாறாதே. உனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைக் கொண்டுபோய், பக்கத்தில் நிற்பவர் பேசுவது போன்ற சத்தத்தில் வைத்துக் கேள். அப்போதும் எல்லாக் குரலும் அதனதன் இடத்தில் இருந்தால் அதை எடு. டெலிபோனில் பேசும்போது அனுஷ்காவின் காதிலிருந்து வழியும் இரைச்சல் இங்கே எனக்கே கேட்கிறது. அவளுடையதைக் குறைக்கச் சொல், மறவாதே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கரங்களில் வைத்துக் காப்பாராக. வரும் ஞாயிறு மூன்றாம் சரணத்தில் ஆர்மோனியத்தை நான் மெதுவாக வாசிப்பேன்.

உன் அன்பு அம்மா,
பிலோமினா மாணிக்கராஜ்