கொடியில் ஒரு நீலச் சட்டை

மட்டாஞ்சேரி, ஞாயிறு

என் தோஹாக்காரருக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

மார்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்த பெண், சுவரில் விரல்களை ஏற்றி இறக்கச் சொன்னாள். எனக்கு அலுத்துவிட்டது. "வீட்டு வேலையே செஞ்சா போதாதா?" என்று கேட்டேன். "மெல்லச் செய்யுங்கோ சேச்சி, கனம் மட்டும் தூக்கண்டாம்" என்றாள். சப்பாத்தி மாவு பிசைந்தேன், ஜன்னல் துடைத்தேன், ஒட்டடை அடித்தேன். நம் வீட்டுப் பல்லிகளுக்குத்தான் நிம்மதி போயிற்று.

எனக்காகப் பக்கத்து வீட்டு பிந்து துணிக்கொடியைத் தாழ்த்திக் கட்டியிருந்தாள். இன்று மழை விட்டதும் அதைப் பழைய உயரத்துக்கே கட்டச் சொன்னேன்.

"வேண்டாம் சேச்சி, நான் விரிச்சுத் தரேன்."

நான் கேட்கவில்லை. நீங்கள் விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைத்து, இடது கையாலேயே கொடியில் போட்டேன். வலித்தது, ஆனாலும் போட்டுவிட்டேன். பிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடி முன்னால் இன்னும் நான் அதிகம் நிற்பதில்லை. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். அடுத்த மாதம் நீங்கள் வந்து இறங்கும்போது, எனக்கு வலிக்குமோ என்று தள்ளி நிற்காதீர்கள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள இரண்டு கையும் எட்டும்.

உங்கள் வீட்டுக்காரி