சிணுங்கி சாப்பிட்டது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இந்த வீட்டில் இப்போது நாலு பேர் நலமாக இருக்கிறோம், நானும் அப்பாவும் தரையில், மற்ற இருவர் தண்ணீருக்குள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், சொல்ல ஆரம்பித்தால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ அங்கே பதறிப்போவாய், அதனால்தான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது கண்ணு. போன வருஷத்திலிருந்தே நடுங்குகிறது. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் காட்டிவிட்டோம், இரண்டு பேரிடம் காட்டிவிட்டோம். வயதாகும்போது சிலருக்கு வருகிற நடுக்கம்தான், உயிருக்கு ஒன்றும் செய்யாது, மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், முழுதாகப் போகாது என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நமக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அவருடைய வேலை என்ன வேலை என்று உனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவர் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று சொல்லி, இவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருந்து கையை நீட்டியவர்கள் உண்டு. அந்த மனிதரிடம் ஒருநாள் ஒரு அம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வேறு யாரையாவது வரச்சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார். பாவம், அந்த அம்மாள் மேல் என்ன தப்பு, ஊசியோடு ஒரு கை ஆடிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் பயம் வராது. போதும் என்று தோன்றியது, வேலையை விட்டுவிட்டேன் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது அந்த வாரம்தான். அதற்குப் பிறகு கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டார். ஒரு விசேஷத்துக்கும் வருவதில்லை, யாராவது வீட்டுக்கு வந்தால் தலைவலி என்று உள்ளறைக்குப் போய்விடுவார், என் எதிரில்கூடச் சாப்பிட மாட்டார். வீடியோவில் உன்னோடு பேசும்போது முகம் மட்டும் தெரிகிற மாதிரி உட்காருவார். நீயும் அப்பா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறார் என்று சிரிப்பாய், நானும் கூடச் சிரித்து வைப்பேன்.

அப்பாவுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நீ அந்தக் கண்ணாடித் தொட்டியையும் பம்பையும் வரவழைத்துக் கொடுத்தாயே, அப்போது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. சாதாரண மீன் தொட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, கடல் தண்ணீர்த் தொட்டியாம், அதில் கடல்குதிரையாம், யார் கட்டி மேய்ப்பது என்று முணுமுணுத்தேன். பெட்டியைப் பிரித்த மூன்றாம் நாள் நம் முன்னறை பரிசோதனைக் கூடமாகிவிட்டது. வெயில் படாத சுவராகப் பார்த்துத் தொட்டியை வைத்தாயிற்று, வாளியில் தண்ணீர், அதில் தொட்டிக்கென்றே விற்கிற உப்பு, உப்பை அளக்க ஒரு கருவி, தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொட்டு மருந்தும் நிறம் ஒப்பிடும் அட்டையும். எல்லாம் அவருக்குக் கைவந்த கலை, ஆனால் அந்தச் சொட்டை மட்டும் என்னை விடச் சொன்னார். உன் கை ஆடாது என்றார், அதோடு சரி. அன்றிலிருந்து நான் அவருடைய எடுபிடி. தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய நான் பொறுப்பாக உப்புத் தண்ணீரையே கலந்து ஊற்றிக்கொண்டு வந்தேன், கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும். அவர் அளந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு அப்படியே இருக்கும், நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம். அடுப்பில் எது சுண்டினாலும் உப்புக் கரிக்கும் என்று இத்தனை வருஷம் சமைத்தவளுக்குத் தெரியாதா என்று கேட்டார். சமையலில் என்னைக் குறை சொல்லக் கிடைத்த வாய்ப்பை விடுவாரா. தண்ணீர் பக்குவப்படும்வரை மீனே இல்லாத தொட்டியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். பேப்பர்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து மீன் எங்கே என்று கேட்டதற்கு, கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது என்று உள்ளறையிலிருந்தே பதில் வந்தது.

பிறகு ஒரு ஜோடி கடல்குதிரை வந்தது. பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவை. ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். இன்னொன்று தொட்டிக்குள் தொங்கவிட்ட வலைத் துணியை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மூலையிலேயே தொங்கும், அது சிணுங்கி. உறைய வைத்த பொடி இறாலை உருக வைத்து, நீளக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். இவற்றுக்கு இரைப்பை என்று ஒன்று கிடையாதாம், தின்றது தங்காதாம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையும் என் தலையில்தான். ஆடாமல் அசையாமல் பிடி, ஆடினால் மிரண்டுவிடும் என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் கம்பம் மாதிரி பிடித்தேன். துரை தின்றான். சிணுங்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறாலைப் பூண்டுச் சாற்றில் நனைத்துப் பார்த்தோம், விளக்கைக் குறைத்துப் பார்த்தோம், துரையைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் விட்டுப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அதன் வயிற்றுப் பக்கம் உள்வாங்கிவிட்டது. கடைக்காரருக்குப் போன் செய்தால், இப்படியே விட்டால் தாங்காது, கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்றார். அன்று அப்பா சொட்டு மருந்துப் பெட்டியை மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தார். சிணுங்கி போய்விட்டால் இவர் மறுபடி அந்த அறையை விட்டு வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. பல் டாக்டரிடம் ஒரே கூட்டம், இறால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தால், அப்பா தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் கண்ணாடிக் குழாய். நான் வராததால் வேறு வழியில்லாமல் எடுத்திருக்கிறார். கை ஆடுகிறது, குழாய் ஆடுகிறது, நுனியில் இருக்கிற இறால் வெடவெட என்று துடிக்கிறது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சிணுங்கி வால் பிடியை விட்டுவிட்டு மெதுவாக மேலே வந்தது. ஒரு கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தது. டிக் என்று ஒரு சத்தம், இறாலைக் காணோம். அப்பா அடுத்ததை எடுத்தார், அதுவும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. திரும்பி என்னைப் பார்த்தவர் முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"உயிரோட இருக்குன்னு நெனச்சுக்கிச்சு பாரு. நீ புடிச்சா அது செத்த இறால். என் கையில இருந்தா துடிக்குது" என்றார்.

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன், பஞ்சு கீழே விழுந்துவிட்டது. மறுநாள் நான் வேண்டுமென்றே கையை ஆட்டி நீட்டிப் பார்த்தேன், தரை பெருக்குகிற மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார், சிணுங்கிக்கும் அதே அபிப்பிராயம், மூலைக்கே ஓடிவிட்டது. இப்போது ஒவ்வொரு வேளையும் அவர்தான் கொடுக்கிறார். வயிறு பழையபடி நிறைந்துவிட்டது. நேற்று பேப்பர்காரரை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, கையைத் தொட்டிக்குள் விட்டு வேடிக்கை காட்டினார். அந்த மனிதர் இறாலைப் பார்த்தாரே தவிர கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர் நன்றாக இருக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுத்தேன், சாஸரில் கொஞ்சம் சிந்தியது, சிந்தட்டும். உன் மேல் கோபப்பட்டேன் என்று மேலே எழுதினேனே, அந்தக் கோபத்துக்கெல்லாம் சேர்த்து இப்போது உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நீ எதையோ நினைத்துக் கொடுத்தாய், அது எங்களுக்கு வேறு எதையோ கொண்டுவந்து சேர்த்தது. டாக்டருக்கு நன்றி, உனக்கு நன்றி, என் சொத்தைப் பல்லுக்கும் நன்றி.

நேரத்துக்குச் சாப்பிடு, காலையில் வெறும் காபியோடு ஓடாதே, மாப்பிள்ளையின் முதுகுவலியை அலட்சியப்படுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை சிணுங்கிக்கு இறால் கொடுப்பதை அப்பா வீடியோவில் உனக்குக் காட்டப் போகிறார். போனை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், அவருடைய இரண்டு கையும் தெரிகிற மாதிரி. பார்த்ததும் உனக்கு அழுகை வரும், எனக்குத் தெரியும், அழுவதாக இருந்தால் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதே அழுது முடித்துவிடு. அன்றைக்கு, சிணுங்கி இன்னும் எத்தனை இறால் தின்னும் அப்பா என்று மட்டும் கேள்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா