வெள்ளிக்கிழமைச் சொதியும் ஹேசலும்

மனோர் பார்க்,
லண்டன்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுகிர்தா அறிவது,

நானும் கம்சிகாவும் சுகம். மாமாவின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை குறைவில்லாமல் முடிந்ததில் ஆறுதல். மாமியோடு இப்போது சின்னக்கா வந்து நிற்கிறா என்றும் கேள்விப்பட்டேன். போனில் கதைத்தால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். மேர்வின் செவ்வாய்க்கிழமை ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீர் போனில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியாகத்தான் "அந்த நாய் எப்பிடி" என்று கேட்பீர். இம்முறை அதையே முதலில் சொல்கிறேன். ஹேசலைக் கம்சிகாவின் சக்கர நாற்காலியோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவர வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் கோழி மணக்கிற தீனிப் பையை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம், எங்களுக்கு மரக்கறி என்றால் அதற்கும் மரக்கறிதான் என்று சொல்லிவிட்டுப் போனீர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை விட்டுக் குழைத்து வைத்தேன். ஹேசல் கோப்பையைத் துடைத்து வைத்தது போல நக்கிவிட்டுப் போகும். இந்த வீட்டில் என் சமையலை மிச்சம் விடாமல் சாப்பிட்ட ஒரே ஆள் அதுதான்.

சொதியில் வெங்காயம் இருக்கிறதே. வெங்காயம் நாய்க்கு நஞ்சாம். முந்திய வெள்ளி விஞ்ஞான வகுப்பு நடக்கும்போது ஹேசல் ஆசிரியரின் கைப்பைக்கு மேலேயே சத்தி எடுத்துவிட்டது. ஷிப்டை விட்டுவிட்டு ஓடினேன். மிருக வைத்தியர் மருந்து கொடுத்தார், இப்போது சுகம். ஆனால் ஹேசலைப் பழக்கித் தந்தவர்கள் எங்களைச் சும்மா விடவில்லை. தாங்கள் தரும் தீனியைத் தவிர வேறொன்றும் கொடுப்பதில்லை என்று நாங்கள் ஒப்புக்கொண்டுதானே வாங்கினோம். பள்ளிக்கூடமும் ஒரு தவணைக்குப் பார்ப்போம் என்றுதான் ஹேசலை விட்டிருந்தது.

திங்கள் முதல் பழையபடி உதவியாளர் ஒருவர் கம்சிகாவுக்குப் பக்கத்தில் இருக்கிறா. நல்ல மனிசி, குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் கிட்ட வருவதில்லை. ஹேசல் இருந்தபோது பேனை விழும், அது கவ்விக் கொடுக்கும், அடுத்த மேசைப் பிள்ளை சிரிக்கும், கதை தொடங்கும். புதன்கிழமை பேனை விழுந்ததாம். கம்சிகா ஒருவரையும் கேட்காமல் அப்படியே இருந்துவிட்டாள். கொப்பியில் அரைப்பக்கம் வெறுமையாக வந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று முன்தினம் கூட்டம் வைத்தார்கள். ஹேசலைப் பழக்கிய லோறாவும் வந்திருந்தா. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் சோறு என்று கேட்டா. நான்தான் கொடுத்தேன் என்றேன், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கம்சிகா எங்களுடைய வெள்ளிக்கிழமையை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். நாய்க்கும் விரதமா என்று தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்து, இருமுவது போல மறைத்தா. சோறு வைக்கச் சொன்னது யார் என்று கம்சிகாவுக்குத் தெரியும். அவளும் உம்முடைய பெயரை எடுக்கவில்லை.

ஹேசலைத் திரும்ப விடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் லோறாவிடம் ஒரு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும். தீனி அளந்து வைக்க வேண்டும், பட்டியைப் பிடித்து நடத்த வேண்டும், உடம்பைத் தடவித் துடைத்துவிட வேண்டும். நான் மட்டும் போனால் காணாது, தாயும் வேண்டும் என்றார்கள். இந்த மாத முடிவுக்குள் நடக்காவிட்டால் ஹேசலை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். காத்திருக்கிற பிள்ளைகள் அவ்வளவு பேர்.

நாயை எடுத்தது, பிள்ளை இனி நடக்கமாட்டாள் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி என்று விமான நிலையத்தில் சொன்னீர். அங்கே சனங்களுக்கு நடுவில் நான் என்ன சொல்வது. இப்போது சொல்கிறேன். அவள் நடக்கமாட்டாள், சுகிர்தா. ஹேசல் இந்த வீட்டுக்கு வர முந்தியே வைத்தியர் அதைச் சொல்லிவிட்டார். உமக்கு நோகிற அளவு எனக்கும் நோகிறது. அவளுக்கு அதைவிட நாளைக்கு வகுப்பில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் பெரிய கவலை.

சாமி அறையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கம்சிகா ஹேசலை அந்த வாசலில் நிற்கப் பழக்கியிருக்கிறாள். நான் விளக்கு வைக்கும்போது அது வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், உள்ளே ஒரு கால் வைக்காது. ஏன் பிள்ளை இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டேன். "அம்மாவுக்கு அது கரைச்சலா இருக்கக் கூடாது அப்பா" என்றாள். பிறகு, அம்மா நேரத்துக்கு வருவாதானே என்று கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உம்மைக் கேட்காமல் சொன்ன ஓம் அது. டிக்கெட்டை மாற்றிவிட்டு எனக்கு ஒரு சொல் அறிவியும், விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். முருகன் உமக்கு நல்ல பயணத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய வரவைப் பார்த்திருக்கும்
பாலேந்திரா