எண்ணெய்த் துணியில் எழுந்த நுரை

இன்று காலை பின்பக்கத்து அடுப்பிலிருந்து அந்த வாசனை வந்தது. காரத் தண்ணீரும் பழைய எண்ணெயும் சேர்ந்து கொதிக்கும் வாசனை. மூக்கில் ஏறும், கண்ணைக் கரிக்கும், நாக்கின் அடியில் போய் நின்றுகொள்ளும். பல் துலக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். நீதான் டின்னுக்கு முன்னால் குந்தியிருக்கிறாய் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். எட்டிப் பார்த்தால், என் மருமகள்.

வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயில் சோப்பு காய்ச்சுகிறாளாம். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கியா பார்ம் சந்தையில் கடை வைத்திருக்கும் அம்மா ஒருத்தி, ஸ்ட்ராபெரிக்குப் பக்கத்தில் வைத்து விற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம். “வீசி எறியற எண்ணெயில சோப்பு வரும்னு யாருக்காச்சும் தெரியுமா அத்தை? சொல்லுங்க லா!” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகையும் வந்தது. அவள் பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டாள். அவளுக்கு என்னத்தைச் சொல்லிப் புரியவைப்பது? அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பியைக் கட்டிக்கொண்டு, ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முந்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வந்தாய். வந்த நாளிலிருந்து எதையும் எறிய விடமாட்டாய். காலிப் பால் டின் குவளையாகிவிடும். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் விளக்குக்குப் பின்னால் போய் நின்று வெளிச்சத்தைக் கூட்டும். குடித்த தேயிலைச் சக்கையை ஈரத்தோடு தரையில் தூவிப் பெருக்குவாய். தூசி ஒரு பொட்டுப் பறக்காது. “இது வீடா, பழைய சாமான் கடையா?” என்று நான் கேட்பேன். “இருக்கட்டும்க்கா. ஒண்ணு இன்னொண்ணா ஆகும்” என்பாய். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நீ வந்த வருஷமே என் தலைப்பிள்ளை பிறந்து, தொப்புள் காய்வதற்குள் ஜன்னி கண்டு போய்விட்டது. கடைசியாக அதைக் குளிப்பாட்டிக் கொடுத்தவள் நீதான். எல்லோரும் கண்ணேறு என்றார்கள், காற்று என்றார்கள். நீ மட்டும், மருத்துவச்சியின் கத்தியையும் குழந்தையைச் சுற்றியிருந்த துணியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். “அழுக்குத்தான்க்கா கொன்னிருச்சு” என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

ஜப்பான்காரன் வந்தான். அண்ணன் தம்பி இருவரையும் சயாம் பக்கம் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாம் இருவர் மிஞ்சினோம், என் வயிற்றில் ஒன்றும். கடைகளில் சோப்பு இல்லை, துணி இல்லை. லைன் முழுக்கச் சொறியும் சிரங்கும். என் நல்ல புடவைகள் ஒவ்வொன்றாக ரிங்லெட் கடைத்தெருவுக்கு இறங்கிப் போய் அரிசியாகவும் உப்பாகவும் திரும்பி வந்தன. மற்றவை உடம்பிலேயே நைந்துபோயின. கடைசியில் இருவருக்கும் சேர்த்து ஒரே புடவை: கல்யாணத்தன்று மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த உன் நூல் புடவை. கடைசியில் பெட்டியில் வைக்கும்போதும் அதைத்தான் கட்டி அனுப்புவார்கள்.

அதைத்தான் முறை வைத்துக் கட்டினோம். ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போவாள். மற்றவள் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கதவைச் சாத்தி உள்ளே கிடப்பாள். சாயங்காலம் புடவை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். “நாளைக்கு உங்க மொறைக்கா” என்று சொல்லிவிட்டுப் படுப்பாய். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வந்து நிற்பவளுக்குத்தான் அரிசி. ஆக, ஒருத்தி பங்கை இருவர் தின்றோம்.

வயிறு இறங்கத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளையை எதில் ஏந்துவது? சாக்கிலா? நாள் முழுக்க மலையில் நனைந்து சேறு அப்பி வரும் அந்தப் புடவையிலா? வெறும் தண்ணீரில் அலசினால் அழுக்கு எங்கே போகும்? “இதுவும் தங்காதுடி” என்று ஒரு நாள் உன்னிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மறுநாள் வேலை முடிந்ததும் பேக்டரிப் பக்கம் போனாய்.

பேக்டரியில் கொழுந்தை வாடப் போடுகிற சணல் துணி கிழிந்துபோனால், இயந்திரம் துடைக்கக் கொடுத்துவிடுவார்கள். அந்த நாளில் இயந்திரத்துக்குப் போட நல்ல எண்ணெய் கிடைக்காமல் செம்பனை எண்ணெயை ஊற்றினார்கள். துடைத்துத் துடைத்து, துணியெல்லாம் சிவந்து, பிசுக்கேறி, பின்பக்கம் குவிந்து கிடந்தது. அதைக் கேட்டாயாம். கணக்கெழுதும் கிராணி ஐயா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இத என்னம்மா பண்ணப் போற?” என்று கேட்டாராம். “கட்டிக்கப் போறேன் ஐயா.” அவர், “ஜப்பான்காரன் கண்ணுல படாம கொண்டு போ. நான் பாக்கல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

கொழுந்துக் கூடைக்குள் அமுக்கி நீ கொண்டுவந்ததை முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீயோ முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாய். ஒரு மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை எரித்த சாம்பலை அதில் நிரப்பி, மேலே வெந்நீர் ஊற்றினாய். அடியில் வைத்த பானையில் பழுப்பாகச் சொட்டியது. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பையும் அதில் கரைத்துவிட்டாய். இரண்டு விரலால் தொட்டு உரசிப் பார்த்து, “கடிக்குதுக்கா, போதும்” என்றாய். எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றவேண்டும், அவ்வளவுதான் உன் எண்ணம். வேறொரு டின்னில் துணியைப் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டாய்.

முதலில் சேற்றுக் குழம்பாகத்தான் இருந்தது. நான் சுவரில் சாய்ந்து, இது ஆகாத காரியம் என்று முனகிக்கொண்டிருந்தேன். நீ குச்சியால் கிண்டிக்கொண்டே இருந்தாய். திடீரென்று கிண்டுவதை நிறுத்திவிட்டு, டின்னை விட்டுப் பின்னால் நகர்ந்தாய்.

“அக்கா… நான் சோப்பே போடலியே!”

எழுந்து வந்து பார்த்தேன். டின்னின் ஓரத்தில் நுரை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவிலும் பொங்கியது. உலை பொங்குவதுபோல வெள்ளையாக ஏறி, விளிம்பைத் தாண்டி, அடுப்பில் வழிந்தது. நுரையைப் பார்த்தே எவ்வளவோ நாளாகியிருந்தது நமக்கு. கல்லில் வழிந்து ஆறியதைக் கையில் அள்ளினேன். விரலிடுக்கெல்லாம் வழுக்கியது, ஒரு பக்கம் தேய்த்ததும் என் கையே எனக்கு வேறு நிறமாகத் தெரிந்தது. துணியைக் கெடுத்த எண்ணெயே துணியை வெளுக்கும் சோப்பாக மாறிக்கொண்டிருந்தது. காரமும் எண்ணெயும் சேர்ந்து கொதித்தால் அப்படித்தான் ஆகும் என்று மருமகள் இன்று வெகு சுலபமாகச் சொல்கிறாள். அன்று நமக்கு அது தெரியாது. நீ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாய். நான் நுரைக் கையோடு அப்படியே நின்றேன். அதற்குப் பிறகு ஆற்றை மறித்து ஏரியாக்கியதைப் பார்த்தேன், இந்த மலைக்கு மின்சாரம் ஏறியதைப் பார்த்தேன். எதுவும் என்னை அப்படி வாயடைத்து நிற்கவைக்கவில்லை.

மேலே மிதந்ததை வழித்துப் பால் டின்னில் சேர்த்தாய். களிம்பு மாதிரி இருந்தது. துணியை ஆற்றுப் பாறையில் அடித்து அடித்துச் சணலின் முள் போக்கினாய். போகாத கறையை மறைக்க, தேயிலைத் தூளும் துருப்பிடித்த ஆணியும் போட்டு வேகவைத்தாய். கன்னங்கரேல் என்று வந்தது. துண்டுகளை ஒட்டுப்போட்டு, நீளம் போதாவிட்டாலும் புடவையாகவே கட்டிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் புறப்பட்டாய். உன் புடவையைக் கட்டிக்கொண்டு நான் வாசலில் நின்று பார்த்தேன். வெகுகாலத்துக்குப் பிறகு நாம் இருவரும் ஒரே நேரத்தில் வெளிச்சத்தில் நின்ற காலை அது.

எதிரே களத்தில் யாரோ சிரித்தார்கள். கங்காணி, “என்னத்தக் கட்டிக்கிட்டு வந்திருக்க?” என்றார்.

“கொழுந்து காயப்போட்ட துணி, கங்காணி. மானத்த மறைக்குதுல்ல? பேரப் போடுங்க.”

கங்காணி பேரைப் போட்டார். பனிக்குள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நீ மேட்டில் ஏறிப் போனாய். சாயங்காலம், நுரை வந்த சேதி பரவி, நம் வாசலில் பெண்கள் கூட்டம். ஒவ்வொருத்தி கையிலும் அவரவர் அடுப்புச் சாம்பல்.

அதோடு நீ நிறுத்தவில்லை. எனக்கு வலி எடுத்த காலையில் ஆணியிலிருந்த புடவையை எடுத்தாய். அந்தக் களிம்பு போட்டுக் கொதிக்கவைத்து, அடுப்பு அனலில் உலர்த்தி, பல்லால் கடித்துக் கிழிக்கப் போனாய். நான் பதறிப்போனேன்.

“சாமியார் மந்திரிச்ச பொடவைடி! நாளைக்கு நீ சாகும்போது எதக் கட்டி அனுப்புவாங்க?”

“மந்திரிச்சதாச்சேன்னுதான் கிழிக்கிறேன். செத்த பொறகு கட்டுறதுக்குப் பதிலா பொறக்கறப்ப சுத்தலாம்க்கா.”

சர்ரென்று கிழித்தாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மருத்துவச்சி வந்தாள். அவள் கையில் பால் டின்னைக் கொடுத்து, முழங்கை வரை கழுவச் சொன்னாய். கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தக் கையால எத்தினி புள்ள எடுத்திருக்கேன், எனக்கே சொல்றியா?” என்றாள்.

“போன தடவையும் இதே கைதான் ஆயா. கழுவுங்க.”

கழுவினாள். கத்தியும் கொதித்த தண்ணீரில் கிடந்தது. படுக்கைப் பலகையைச் சாம்பலும் மணலும் போட்டு நீ தேய்த்த தேய்ப்பில் மரம் வெளுத்திருந்தது. சாக்கு நாற்றமும் சிரங்கு நாற்றமும் அடித்த அந்த லைனில், நம் அறை மட்டும் வெயிலில் காய்ந்த துணி மாதிரி மணத்தது. மகன் பிறந்தான். உன் புடவையில் அவனைச் சுற்றினாய். முந்தானைப் பட்டியால் என் வயிற்றை இறுக்கிக் கட்டினாய்.

அதற்குப் பிறகான நாட்களில், தொப்புள் காய்வதற்குள் போன பிள்ளையைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் தும்மினால் எனக்கு உயிர் போய்வந்தது. நீ வேலையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டுத் தொப்புளைத்தான் பார்ப்பாய். துணியைக் கொதிக்கவைப்பாய், உலர்த்துவாய், மாற்றுவாய். ஒரு நாள் துணியை விரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். “விழுந்திருச்சுக்கா. காஞ்சு விழுந்திருச்சு” என்றாய். புருஷனை லோரியில் ஏற்றியபோதும் அழாதவள், அன்றைக்குத்தான் குலுங்கிக் குலுங்கி அழுதாய்.

சண்டை முடிந்தது. என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். உன் வீட்டுக்காரர் வரவில்லை. நீ மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதனால் கோயிலில் நின்று இன்னொரு புடவை மந்திரித்து வாங்க உனக்கு வழியில்லாமலேயே போயிற்று. எங்களோடே இருந்தாய். என் மகன் உன்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு உன் பின்னாலேயே திரிந்தான்.

நீ போன அன்று, உன்னைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் வழக்கப்படி கேட்டார்கள்: “மந்திரிச்ச பொடவை எங்கம்மா?” கூடத்தில் நின்றிருந்த என் மகன் உள்ளே வந்தான். தலை நரைத்த ஆண்பிள்ளை, உன் காலைப் பிடித்துக்கொண்டு, “அது என் மேலயே செலவாயிருச்சு” என்றான்.

பெட்டியைத் திறந்து, என் வயிற்றில் நீ கட்டிய அந்த முந்தானைப் பட்டியை எடுத்தேன். இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியை உன் கையில், ஜெபமாலையோடு சேர்த்துச் சுற்றிவிட்டேன். மறுபாதி என்னிடம் இருக்கிறது. அழுதது எதற்கென்று மருமகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்று அவள் காய்ச்சி முடித்த சோப்பிலேயே அதைத் துவைத்துக் காயப்போட்டு, எங்கே வைத்திருக்கிறேன் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

நீ உன் முறைக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். அடுத்தது என் முறை.