செருப்பைக் கழற்றாத சுண்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ அழுகிறாய், உன்னைப் பார்த்து அம்மா அழுகிறாள், நடுவில் நான் என்னத்தைச் சொல்ல. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

அந்தத் தூர ஊரில் உன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அம்மாவின் விடுப்பு முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரிச் சமையலறையில் இனியும் பொறுக்க மாட்டார்கள், எனக்கோ டிப்போவில் ஷிப்ட் வேலை, ஆகவே உன் மகள் சுண்டுவைப் பகலில் விட ஒரு இடம் பார்த்து எது தேவலை என்று எழுதச் சொன்னாய். பார்த்தேன் கண்ணு. பழைய லாரி வாங்குகிறவன் டயரைத் தட்டிப் பார்ப்பது போல ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தேன். முதலில் பஸ் நிலையத்துக்கு எதிரே பெரிய காப்பகம். சுவரெல்லாம் யானையும் ஒட்டகமும், கேமராவும் உண்டு, நீ அங்கிருந்தே போனில் பார்க்கலாமாம். ஆனால் ஒரு ஆயாவுக்கு ஒரு கூட்டம் பிள்ளைகள், ஒன்றுக்கு மூக்கைத் துடைப்பதற்குள் இன்னொன்று விழுந்துவிடுகிறது. அடுத்தது தெருக்கோடித் தையல்கார அக்கா வீடு. நாலே பிள்ளைகள், அக்காவுக்கு மனசு தங்கம், ஆனால் கத்தரியும் ஊசியும் அங்கேயே கிடக்கின்றன, அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அன்றைக்கு நம் பாடு திண்டாட்டம். மூன்றாவது அம்மாவின் ஆஸ்பத்திரியில் ஊழியர் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் அறை. சளியும் இருமலும் ஓயாது, ஆனாலும் அம்மா நடுவில் எட்டிப் பார்க்கலாம். அதுதான் சரி, அப்பாடா என்று உனக்குப் போன் செய்ய இருந்தேன்.

மூன்று இடத்திலும் சுண்டுவை ஒவ்வொரு நாள் விட்டுப் பார்த்தோம் அல்லவா, மூன்று இடத்திலும் ஒரே புகார். சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். மத்தியானம் மற்ற பிள்ளைகள் படுத்ததும் இவள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறாள். காப்பகத்தில் பிடிவாதம் என்றார்கள். தையல்கார அக்கா, புது இடம், போகப் போகப் பழகிவிடும் என்றாள். நானும் நம் வீட்டில் யார் வால் இல்லாமல் பிறந்தார்கள் என்று சிரித்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி ஆயாதான் என்னைத் தனியே கூப்பிட்டு, தூக்கம் சொக்கிப் பிள்ளைக்குத் தலை சுவரில் இடிக்கிறது, அப்போதும் செருப்பைக் கழற்ற விட மாட்டேன் என்கிறாள், வீட்டில் எப்படி என்று கேட்டாள். வீட்டில் என் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அதை நாங்கள் பாசம் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஏன்டா தங்கம் தூங்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு நான் தூங்கிட்டேன்ல தாத்தா. அதான் அம்மா போயிட்டாங்க.”

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, பிள்ளை அழக் கூடாது என்றுதானே தூங்கும்போது கிளம்பினாய். அது நம் வீட்டு வழக்கம், நான் லாரி ஓட்டிய காலத்திலிருந்து. நீ அழுவதைக் கேட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று, நீ கண்ணயர்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். நான் வீட்டில் இருக்கும் நாட்களில் நீயும் தூங்க மாட்டேன் என்று கண்ணைக் கசக்கிக் கசக்கி உட்கார்ந்திருப்பாயாம், அம்மா இப்போதுதான் சொல்கிறாள்.

ஆகையால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உன் கல்லூரியிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது, ஆனால் பாஷை தெரியாது, குளிர், எல்லாம் புது முகம், மாப்பிள்ளைக்கும் இரவு வேலை என்று தயங்கினாயே, எல்லாம் உண்மைதான். ஆனால் சாயங்காலம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு நீ வருவாய். இங்கே எவ்வளவு நல்ல இடத்தில் விட்டாலும் சாயங்காலம் கூட்டி வரப் போவது நான், அவள் எதிர்பார்ப்பது உன்னை. கூட்டிக்கொண்டு போய்விடு. இதைச் சொன்னதிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சுண்டுவின் சட்டைகளை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். எனக்கும் அவள் இல்லாத வீட்டை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன்னை அனுப்பியபோதாவது இவள் இருந்தாள்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள், உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, டிக்கெட் பகல் நேரத்துக்குப் போடு. அவள் முழித்திருக்கும்போது, எங்கள் இரண்டு பேரிடமும் போயிட்டு வரேன் என்று அவள் வாயால் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அழுதால் அழட்டும், நாங்களும் அழுதுவிட்டுப் போகிறோம். இப்போதெல்லாம் அதிகாலை ஷிப்ட் என்றாலும் அவளை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், அழுகிறாள், திரும்பி வந்ததும் ஓடி வந்து தொட்டுப் பார்க்கிறாள். இப்போதைக்கு அவளை விடும் ஆஸ்பத்திரி அறையில் நேற்று ஒரு செருப்பைக் கழற்றி ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தாளாம். இன்னொன்று காலிலேயே இருக்கிறது, அதைக் கழற்ற நீதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா