நீங்கள் விளக்காமல் போன வரி

பக்கத்து வீட்டில் பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டார்கள், மச்சான். ஜன்னல் வழியே புகையிலை நெடி வந்ததும் தட்டச்சு செய்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

துபாயில் நெஞ்சுவலி கண்டு, இனிப் பாரம் தூக்கக் கூடாதென்று உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் படிக்கப்போவதாகச் சொன்னீர்கள். சொல்லித்தர ஆள் இல்லை. வீடியோ மாற்றி வீடியோ பார்த்தீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது. இணையத்தில் யாரோ எழுதியதை எடுத்து ஒட்டுவீர்கள். ஓடினால் போதும்.

ஐந்தருவிப் பக்கம் விடுதி நடத்தும் உங்கள் அண்ணனுக்கு, அறைப் பதிவுக்காகச் செய்துகொடுத்ததும் அப்படி ஒட்டியதுதான். சீசன் கூட்டத்தில் அது ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் மழையில் நின்றது.

"எங்கன தப்புன்னு பாத்துச் சொல்லுலே" என்று அண்ணன் போனில் கத்தினார். உங்களால் சொல்ல முடியவில்லை. அன்று நீங்கள் சோற்றில் கை வைக்கவில்லை.

அதன்பிறகு ஒட்டுவதை விட்டீர்கள். ஒவ்வொரு வரியையும் நீங்களே அடித்தீர்கள். சிவப்பு எழுத்தில் பிழை வந்தால் பதறாமல் முழுதாக வாசித்தீர்கள். பீடித் தட்டோடு இருந்த என்னிடம் வரிவரியாக விளக்கினீர்கள். விளக்க வராத வரியை அழித்தீர்கள்.

"ஓடுதுல்லா, பொறவு எதுக்கு அழிக்கிய?" என்று கேட்டேன்.

"ஏன் ஓடுதுன்னு தெரியலையே, புள்ள. இதுவும் யாரையாவது மழையில நிப்பாட்டிரும்."

கேட்டுக் கேட்டு எனக்கும் பிடிபட்டது. விடுதிக்கான புதிய புரோகிராம் முடிகிற சமயத்தில் மறுபடி வலி வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரிலேயே, என் மடியில் அடங்கிவிட்டீர்கள்.

புருஷனை இழந்தவளாக இத்தா இருந்து, வாசல் தாண்டாத அந்த மாதங்களில்தான் உங்கள் லேப்டாப்பைத் திறந்தேன். எது எதற்கென்று நீங்கள் சொன்னதெல்லாம் காதில் இருந்தது. மீதியை முடித்தேன். இந்த சீசனில் அண்ணன் விடுதியில் அதுதான் ஓடுகிறது. தென்காசியில் சில கடைகளுக்கும் எழுதித் தருகிறேன். பீடி சுற்றுவதை விட்டாயிற்று. "அவனே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கடைசியாக நீங்கள் அடித்த ஒரு வரி எதற்கென்று எனக்கு இன்னும் புரியவில்லை. விளக்குவதற்குள் வலி வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அது இல்லாமலும் ஓடுகிறது. நீங்களாக இருந்தால் அழித்திருப்பீர்கள்.

எனக்கு மனசு வரவில்லை, மச்சான். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.