இனிஷியலுக்கு ஒரு பெட்டி

இன்று அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டியதும் அந்தக் குரல். "எடிட்... எடிட்... எடிட்..." புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய படிவத்தை, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் வாசித்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அதே சொல்தான்; எந்தப் பெட்டி எதற்கென்று சொல்லவில்லை. உன் ஞாபகம் வந்தது.

உத்திரமேரூர் பஜாரில், மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றாகப் படித்தோம். உனக்குப் பார்வை கிடையாது; இதே மாதிரிக் குரலைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்வாய். டைப்பிங்கில் என்னைவிட வேகம். நான் அப்போதுதான் நிரல் எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு தொண்டு நிறுவனம் இணையத்தில் விண்ணப்பம் வேண்டுமென்றது. சென்டர்காரர் அந்தப் படிவத்தை உருவாக்கும் வேலையை என்னிடம் தந்தார். என் முதல் படிவம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் பெயர்களை எழுதினேனே தவிர, நிரலில் இரண்டையும் இணைக்கவில்லை. பார்ப்பவருக்குத் தெரியும், உனக்குக் கேட்காது. என்னைச் சொல்லச் சொல்லி, பெட்டிகளின் வரிசையை மனப்பாடம் செய்தாய். நானே நிரப்பித் தருகிறேன் என்றதற்கு, "என் வேலைக்கு நான்தான்டி எழுதணும். பொட்டி பேர் சொல்ற மாதிரி எதனா பண்ண முடியுமா பாரு" என்றாய். பார்க்கிறேன் என்றேன். எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் காலை, இனிஷியலுக்குத் தனிப் பெட்டி வேண்டுமென்றார் சென்டர்காரர். பெயர்ப் பெட்டிக்கு முன்னால் அதைச் சேர்த்துவிட்டு, அம்மாவோடு சாலவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். மதியம் நீ தனியாக வந்து, பழைய வரிசைப்படியே நிரப்பி அனுப்பியிருக்கிறாய்.

இனிஷியல் பெட்டியில் உன் பெயர், பெயர்ப் பெட்டியில் உன் அப்பா பெயர், அப்பாவின் பெட்டியில் பிறந்த தேதி. தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவர் என்று தள்ளிவிட்டார்கள். சென்டர்காரர், "பாத்து எழுதறதுக்கு இன்னா கேடு?" என்றார். உன்னைத் தெரிந்தவர்தான். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பொட்டிதான் பேசல. நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதாடி?"

 அதன்பிறகு உன் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அந்தப் படிவத்தைக் காட்டித்தான் கிடைத்தது. நீ இறந்துபோனதுகூட மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போதெல்லாம் படிவம் எழுதினால், பெட்டிக்கும் பெயருக்கும்தான் முதலில் முடிச்சுப் போடுகிறேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டிக் கேட்கிறேன். "இனிஷியல்" என்கிறது குரல். அன்று உன்னிடம் நான் சொல்ல வேண்டியிருந்ததும் அந்த ஒரு வார்த்தைதான்.